தீரா நோயும் உயிர்விடுதலும்

பிறந்தார் இறத்தல் ஒருதலை. ஆயினும், எவ்வாறு இறத்தல் வேண்டும் என்னும் வினா எல்லாக் காலத்தும் ஒரு தன்மையாக எழுந்ததன்று. நோய் இனித் தீராதென மருத்துவர் கூறிவிட்டபின், வலியொன்றே வாழ்வாக எஞ்சிய ஒருவர், ‘என் உயிரைப் போக்கி உதவுக’ என வேண்டுவாராயின், அவ்வேண்டுகோளுக்கு இணங்குதல் அறமாமோ, மறமாமோ என்பது இக்காலத்து நாடுகள் பலவற்றில் வழக்காடப்படும் பொருளாயிற்று. நெதர்லாந்து நாடு இதற்கென 2001-ஆம் ஆண்டில் ஒரு சட்டம் இயற்றி, 2002 ஏப்ரல் முதல் நாள் தொட்டு நடத்தி வருகின்றது. பெல்ஜியமும் 2002-இல் அவ்வழிச் சென்றது. அமெரிக்க ஐக்கிய நாடுகளுள் ஒன்றாகிய ஆரிகன், நோயாளர் தாமே உட்கொள்ளுதற்குரிய மருந்தினை மருத்துவர் எழுதிக் கொடுக்க இசையும் சட்டத்தை 1997 முதல் உடைத்தாயிருக்கின்றது. கனடா 2016-இல் இசைவளித்து, 2021-இல் அவ்விசைவை இறப்பு அணித்தாக இல்லாதார்க்கும் விரித்தது.

இப்பொருள் நம்மிடையே பேசப்படும்போது இரண்டு கூற்றுக்கள் எழுகின்றன. ‘தமிழர் பண்டே வடக்கிருந்து உயிர் துறந்தனர்; சமணர் சல்லேகனை நோற்றனர்; ஆகலின் இது நம் முன்னோர் ஒப்பிய நெறியே’ என்பார் ஒருசாரார். ‘நோயும் வலியும் பிராரத்த வினையின் பயன், அதனை நுகர்ந்தே கழித்தல் வேண்டும், இடையிற் கைபுகுத்தல் திருவருளுக்கு மாறு’ என்பார் மற்றொரு சாரார். இவ்விரண்டும் வரலாற்றோடும் நூலோடும் பொருந்துமா என்பதனை ஈண்டு ஆராய்வாம்.

ஆராய்ச்சிக்குப் புகுமுன் ஒரு பாகுபாடு இன்றியமையாதது. தன்னுயிரைத் தானே விடுதல் ஒன்று. பிறர் ஒருவர் மருந்து கொடுத்து உயிர் போக்குதல் மற்றொன்று. பயனற்றுப்போன மருத்துவத்தை நிறுத்தி இயற்கையாய் இறக்க விடுதல் வேறொன்று. உயிர் நிற்குமளவும் வலியைத் தணித்தல் பிறிதொன்று. இந்நான்கனையும் ஒன்றாகக் கலந்து கூறுவதனாலேயே இவ்வழக்கிற் குழப்பம் மிகுகின்றது.

வடக்கிருத்தல்

சங்க நூல்களிற் காணப்படும் வடக்கிருத்தலை முதற்கண் நோக்குவாம். சேரமான் பெருஞ்சேரலாதன் கரிகாலனோடு வெண்ணியிற் பொருத போரிற் புறப்புண்பட்டு, அதற்கு நாணி வடக்கிருந்தான். கோப்பெருஞ்சோழன், தன் மக்களே தன்மேற் போருக்கெழ, அவரோடு பொரப் புகுந்து, புல்லாற்றூர் எயிற்றியனார் இடித்துரைத்தமையால் போரொழிந்து, பின்னர் வடக்கிருந்தான். அவனை முன்னர்க் கண்டறியாத பிசிராந்தையார் பாண்டி நாட்டினின்றும் வந்து அவனோடு உடனிருந்து உயிர் நீத்தார். இவர்களுள் ஒருவரேனும் தீரா நோயாற் பிடியுண்டவரல்லர். மானமும் நட்புமே அவர்தம் செயலுக்குக் காரணமாயின. ஆகவே நோயாளர்க்கு உதவும் இக்கால வழக்கிற்கு வடக்கிருத்தலை மேற்கோளாகக் காட்டுதல் பொருந்தாது.

அவ்வரலாற்றில் நாம் கருதத்தக்க செய்தி வேறொன்று உளது. பொத்தியார் என்னும் புலவர் கோப்பெருஞ்சோழனோடு உடனிருந்து இறக்கத் துணிந்தபோது, மகப்பேற்றை எதிர்நோக்கியிருந்த அவர்தம் மனைவியை நினைந்து, ‘மகன் பிறந்தபின் வருக’ என அரசன் அவரைத் திருப்பி அனுப்பினான். தான் உயிர்விடத் துணிந்தவனும், மற்றொருவர்தம் உயிர் அவர்க்கே உரியதன்று, அவரைச் சார்ந்தார்க்கும் உரியது என அறிந்திருந்தான் என்பது இதனாற் போதரும்.

சல்லேகனை

இனிச் சமணர்தம் சல்லேகனை நோயோடு நேரே தொடர்புடையது. சமந்தபத்திரர் இயற்றிய இரத்தினகரண்டக சிராவகாசாரம் என்னும் நூல், தீர்வில்லாத இடையூறு, பஞ்சம், மூப்பு, நோய் என்பன வந்துற்றவிடத்து அறத்தின்பொருட்டு உடலை விடுதலைச் சல்லேகனை என வரையறுக்கின்றது. செஞ்சியை அடுத்த திருநாதர்குன்றத்தில், இருபத்துநான்கு தீர்த்தங்கரர் உருவங்கள் செதுக்கப்பட்ட பாறையின் மருங்கே, சந்திரநந்தி என்னும் ஆசிரியர் 57 நாள் உண்ணாது நோற்று உயிர் நீத்த செய்தியைக் கூறும் பழைய கல்வெட்டு ஒன்று உளது. இளையபடாரர் என்பார் 30 நாள் நோற்று முடித்ததனை அவ்விடத்துப் பிற்காலக் கல்வெட்டொன்று கூறும். இத்தகைய இடங்களை நிசீதிகை என வழங்கினர். கன்னட நாட்டுச் சிரவணபெளகுளத்திலும் இவைபோன்ற கல்வெட்டுக்கள் பல உள.

இந்நோன்பினைத் தற்கொலை என்று இகழ்தல் நேர்மையன்று. ஆசையாலேனும் வெறுப்பாலேனும் அச்சத்தாலேனும் உயிரை விடுதல் தற்கொலை எனவும், அவையின்றி அமைதியோடு உடற்பற்றை மெல்ல மெல்லக் குறைத்தல் நோன்பு எனவும் சமண ஆசிரியர் பிரித்தோதினர். இராசத்தான் உயர்நீதிமன்றம் 2015 ஆகத்து 10-ஆம் நாள் இந்நோன்பினைக் குற்றமெனத் தீர்ப்புரைத்தது. அம்மாதம் 31-ஆம் நாளிலேயே உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பிற்குத் தடை விதித்தது.

ஆயினும் சல்லேகனையும் இக்கால வழக்கிற்கு நேரான மேற்கோளாகாது. என்னை? நோற்பவர் குருவின் இசைவு பெற்று, உடனுறைவார் சூழ, நாள்தோறும் தம் மனத்தைத் தாமே ஆராய்ந்து, உணவைச் சிறிது சிறிதாக விடுகின்றார். பிறர் ஒருவர் நஞ்சோ மருந்தோ கொடுத்து அவ்வுயிரைப் போக்குதல் அந்நெறியில் எவ்விடத்தும் இல்லை. ஆகலின், ‘முன்னோர் ஒப்பியதே’ என்னும் முதற்கூற்று, பிறர் கையால் உயிர் போக்குதற்குச் சான்றாகாமை காண்க.

பிறர் கையால் முதியோரைப் போக்கிய வழக்கம் தமிழ்நாட்டில் அறவே இல்லையோ எனின், உண்டு. அதற்கு நூற்சான்று இல்லை. விருதுநகரைச் சூழ்ந்த தென்மாவட்டச் சிற்றூர்கள் சிலவற்றில், படுத்த படுக்கையான முதியோர்க்கு எண்ணெய் முழுக்காட்டி, இளநீர் பருகச்செய்து இறப்பை வருவிக்கும் ‘தலைக்கூத்தல்’ என்னும் வழக்கம் நிகழ்ந்தமை 2010-ஆம் ஆண்டில் நாளிதழ்களால் நாடறிய வெளிவந்தது. அதனைச் செய்தவர் பெரும்பாலும் பெற்ற மக்களே. இரக்கத்தாற் செய்ததாக அவர் கூறுவர். வறுமையும் பராமரிக்க ஆளின்மையும் அவ்விரக்கத்தினுள்ளே மறைந்து கிடந்தன. முதியவர்தம் விருப்பம் கேட்கப்பட்டதா என்பதற்குச் சான்று கூறுவார் இலர். பிறர் கையால் உயிர் போக்குதலை அறமென நிறுத்த முயல்வார் மறவாது கருதவேண்டிய செய்தி இதுவாம்.

பெரியபுராணம் காட்டுவது

இனி, ‘வினைப்பயன் நுகர்ந்தே கழிக்க’ என்னும் இரண்டாங் கூற்றினை ஆராய்வாம். சேக்கிழார் பெருமான் திருத்தொண்டர் புராணத்துள் நோயுற்றாரைப் பற்றிய வரலாறுகள் மூன்று இதற்கு விடை தருகின்றன.

முதலாவது, திருநாவுக்கரசர் வரலாறு. திருவாமூரிலே பெற்றோரை இழந்த நிலையில், தமக்கு மணம் பேசப்பெற்ற கலிப்பகையாரும் போரில் இறந்துபட, திலகவதியார் உயிர்விடத் துணிந்தார். அப்போது மருணீக்கியார் தமக்கையார்தம் அடிவீழ்ந்து, அவர் போவாராயின் அவர்க்கு முன்னர்த் தாம் உயிர்விடுதல் உறுதி எனப் புலம்பினார். தம்பி உயிர் வாழவேண்டும் என்னும் இரக்கத்தால் அம்மையார் உயிர் தாங்கினார். பின்னர்ச் சமண் சமயம் புகுந்து தருமசேனர் எனப் பெயர்பெற்ற அத்தம்பியாரைச் சூலை நோய் பற்றியது. உடனிருந்தார் முயன்றும் தீராது கைவிட்டனர். அவர் தமக்கையாரிடம் ஆளனுப்பி, இரவிலே திருவதிகை சென்று அவர் திருவடியில் வீழ்ந்தார். அம்மையார், ‘இஃது உன் வினை; பொறுத்துக்கொள்’ எனக் கூறினாரல்லர். திருநீறளித்து, திருக்கோயிலுட் கொண்டு புகுந்தார். ஒருகால் தம்பியின் சொல் தமக்கையாரை இறப்பினின்றும் தடுத்தது. மற்றொருகால் தமக்கையாரின் துணை தம்பியாரை நோயினின்றும் மீட்டது. இறக்க விரும்பினார்க்கும் நோயாற் றுடித்தார்க்கும் அங்கே கிடைத்தது உடனிருப்பார் ஒருவரது அன்பேயாம்.

இரண்டாவது, ஏயர்கோன் கலிக்காமர் வரலாறு. நோயாளர் ஒருவர் தம் உயிரைத் தாமே போக்கிய செய்தி இதன்கண் உளது. இறைவனைப் பரவையார்பால் தூதுவிடுத்த நம்பியாரூரர்மேற் சினங்கொண்ட அவரைச் சூலை பற்றியது. அதனைத் தீர்க்க வல்லார் ஆரூரரே என இறைவன் உணர்த்தியருள, அவராற் றீர்வதினும் தீராதிருந்து வருந்துதலே நன்றென அவர் எண்ணினார். ஆரூரர் வருகின்றார் எனக் கேட்டதும், உடைவாளால் தம் வயிற்றைக் கிழித்து மாய்ந்தார். வந்த ஆரூரர் அது கண்டு தாமும் உயிர்விடப் புக்கபோது, திருவருளால் கலிக்காமர் உயிர்பெற்றெழுந்து அவர் கையிலிருந்த வாளைப் பற்றினார். இருவரும் தழுவி நண்பராயினர். ஈண்டுக் கலிக்காமரை வாளெடுக்கச் செய்தது வலியன்று, கொள்கைபற்றிய உறுதியே. அங்ஙனமாகவும், அவ்வுயிர்விடுதலை முடிவாக நிற்கத் திருவருள் ஒப்பவில்லை. நோய் தீர்ந்ததனோடு இருவரிடையே இருந்த பகையும் ஒருங்கே தீர்ந்தது.

மூன்றாவது, திருஞானசம்பந்தர் கொடிமாடச் செங்குன்றூரில் தங்கிய காலத்து நிகழ்ந்தது. உடன் வந்த அடியார்களைக் குளிர்சுரம் பற்றியது. ‘இஃது இந்நாட்டின் இயல்பு’ என அவர்கள் விண்ணப்பிக்க, பிள்ளையார் திருநீலகண்டத் திருப்பதிகம் அருளிச்செய்தார். அப்பதிகத்தின் தொடக்கமே, வினைக்கு ஈடாகத் துன்பம் வரும் எனப் பேசுவார் அதனோடு அமைந்துவிடாது, அத்துன்பத்தினின்றும் உய்யும் வகையை நாடாமை தமக்குக் குறை என அறிதல் வேண்டும் என்னும் கருத்தினது. வினைக்கொள்கையைக் காட்டித் துன்பத்தின்முன் கைகட்டியிருத்தல் சைவ ஆசிரியர்க்கு உடன்பாடன்று என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா.

சித்தாந்த நோக்கு

வினை மூவகையாய்ச் சஞ்சிதம், பிராரத்தம், ஆகாமியம் எனப்படும். இவ்வுடலெடுத்து நுகர்தற்கு வந்தது பிராரத்தம். அதனை நுகரும்போது செய்யப்படும் செயலால் ஏறுவது ஆகாமியம். நோய் பிராரத்தமாயின், அதனைத் தணிக்கும் மருந்தும், அம்மருந்தைக் கொடுக்கும் மருத்துவனும், இரவெல்லாம் கண்விழித்துத் துணைநிற்பாரும் பிராரத்தத்திற்குப் புறம்பாவரோ? ஆகார். நோயை மட்டும் வினையென வைத்து, மருந்தினை வினைக்குப் பகையென வைத்தல் முறையன்று.

அன்றியும், வினை என்பது வந்துற்ற இன்பதுன்பங்கட்குக் காரணங் கூறும் தத்துவம். இனி யாது செய்யத்தகும் என விதிக்கும் நூலன்று. ஒருவன் நோயால் துன்புற்றாலும் வினை, நோய் தீர்ந்தாலும் வினை, இறந்தாலும் வினையே. எல்லாவற்றிற்கும் பொருந்துவதனைக் கொண்டு, செயல்களுள் ஒன்றனை விலக்கவும் மற்றொன்றனைக் கொள்ளவும் இயலாது. செய்வான் ஒருவனுக்கு அளவுகோலாவன அவன் கருத்தும் கடமையும் உயிரிரக்கமுமேயாம். அவற்றால் ஏறும் ஆகாமியமே அவனைச் சாரும்.

இவ்வளவுகோலாற் பார்ப்புழி, உயிர் போதலே பயனாக மருந்து கொடுத்தலும், வலி தணிதலே பயனாக மருந்து கொடுத்தலும் வேறாதல் விளங்கும். முன்னையது கொலையின்பாற்படும். பின்னையது தொண்டின்பாற்படும். மார்பின் என்னும் அபினிச் சத்து, நோயறிந்து அளவறிந்து கொடுக்கப்படின், வலியைத் தணிக்குமேயன்றி இறப்பை விரைவிப்பதன்று என்பது வலிதணி மருத்துவம் வல்லார் கண்ட உண்மை. இனி, வேறு எவ்வாற்றானும் தணியாத வலியுடையார்க்கு, இறுதி நாள்களில் ஆழ்ந்த துயிலை வருவித்து வலியுணராதிருக்கச் செய்தலும் இவ்வகையினதே. அவ்வாறே, உடல் தானே உணவை ஏலாது மறுக்கும் இறுதி நிலையில் அதனை வற்புறுத்தி ஊட்டாது விடுதல் பட்டினியிட்டுக் கொல்லுதலாகாது.

சட்டத்தின் வரலாறு

நம் நாட்டுச் சட்டமும் பல திருப்பங்களுக்குப்பின் ஏறக்குறைய இப்பாகுபாட்டினையே வந்தடைந்துளது. 1860-ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவு தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிற்று. 1994-இல் உச்ச நீதிமன்றம் அப்பிரிவு செல்லாதென்றது. 1996-இல் ஐவர் கொண்ட நீதிபதிக் குழு அதனை மறுத்து, வாழும் உரிமையுள் இறக்கும் உரிமை அடங்காதெனத் தீர்ப்புரைத்தது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், உயிர்விட முயன்றார் கடுமையான மன அழுத்தத்திற்கு ஆளானவரெனக் கொண்டு, தண்டித்தலினும் பேணுதலே கடனெனக் கூறிற்று. 2024 சூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்கிதை, பழைய 309-ஆம் பிரிவினைக் கைவிட்டது. ஆயினும் பிறரைத் தற்கொலைக்குத் தூண்டுதலும் துணைசெய்தலும் இன்றும் குற்றமேயாம்.

மருத்துவத்தை நிறுத்துதல் பற்றிய முதற்றீர்ப்பு 2011 மார்ச்சு 7-ஆம் நாளினது. மும்பை நகரத்து மருத்துவமனை ஒன்றில் பணிசெய்த செவிலி ஒருவர் 1973-இல் ஒரு கொடியவனாற் றாக்குண்டு, அறிவு திரும்பாது படுத்த படுக்கையானார். அவர்க்கு உணவூட்டலை நிறுத்த ஆணை வேண்டும் எனப் புறத்தார் ஒருவர் வழக்கிட்டார். மருத்துவமனைச் செவிலியரோ, ‘எம்முள் ஒருவரை யாமே காப்போம்’ என்னும் கருத்தினராய் அதனை எதிர்த்தனர். நீதிமன்றம் வேண்டுகோளை மறுத்தது; எனினும், தக்க இடத்து உயர்நீதிமன்ற இசைவோடு மருத்துவத்தை நிறுத்தலாம் என வழிவகுத்தது. அச்செவிலியார் 2015-இல் நுரையீரல் அழற்சியால் இயற்கையெய்துமளவும், 42 ஆண்டு, தலைமுறை மாறிவந்த செவிலியரால் பேணப்பட்டார். அவ்வாறு நெடுங்காலம் வைத்திருந்தது சரியோ என வாதிடுவார் வாதிடுக. தம் உறவினரல்லாத ஒருவரை அத்துணை ஆண்டு தூய்மையுற வைத்துப் பேணிய அக்கைகளை வணங்காதார் இலர்.

2018 மார்ச்சு 9-ஆம் நாள் ஐவர் கொண்ட நீதிபதிக் குழு, மாண்போடு இறத்தல் வாழ்வுரிமையின் ஒரு கூறே எனக் கொண்டது. அறிவு தெளிவாயிருக்கும்போதே ஒருவர், ‘மீளும் வழியின்றிக் கிடக்குங்கால் எனக்குச் செயற்கைக் கருவிகளைப் பூட்டற்க’ என முன்விருப்ப முறி எழுதிவைக்கலாம் எனவும் இசைந்தது. அதற்கு வகுத்த நடைமுறை அரிதாயிருந்தமையின், 2023 சனவரியில் அதனை எளிதாக்கியது. நீதித்துறை நடுவரின் கையொப்பத்திற்கு மாறாக நோட்டரி அல்லது அரசிதழ்ப் பதிவுபெற்ற அலுவலர் முன் எழுதினால் அமையும். மருத்துவர் குழுக்கள் இரண்டு ஆராய்ந்து ஒப்பினால் கருவிகளை அகற்றலாம். இவ்வனைத்தும் மருத்துவத்தை நிறுத்துதற்கே. மருந்து செலுத்தி உயிர் போக்குதல் நம் நாட்டிற் சட்டத்தால் ஒப்பப்படுவதன்று.

எஞ்சிய கடமை

‘கொல்லற்க’ எனக் கூறியமைதல் எளிது. வலியால் அலறும் ஒருவர்முன் அது போதிய விடையாமோ? வலியால் இறப்பை வேண்டுவாரிற் பலர்க்கு வலி தணிந்தவிடத்து அவ்வேண்டுகோளும் தணிதலை அவரைப் பேணுவார் அறிவர். அங்ஙனமாக, நம் நாட்டில் அவ்வலியைத் தணிக்கும் மருந்தே நெடுங்காலம் நோயாளர்க்கு எட்டாது போயிற்று. 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருட் சட்டம் கள்ளவணிகத்தை ஒடுக்க எழுந்தது. அதன் கடுமைக்கு அஞ்சி மருத்துவமனைகளும் மருந்துக்கடைகளும் மார்பினை வைத்திருத்தலையே ஒழித்தன. அதனைத் தளர்த்தும் திருத்தம் 2014-இலேதான் வந்தது. இடைப்பட்ட ஏறக்குறைய முப்பதாண்டுக் காலத்துப் புற்றுநோயாளர் பலர் தணிக்கத்தக்க வலியோடே இறந்தனர். அது வினைப்பயன் எனக் கூறி நாம் தப்பவியலுமோ?

இதன் மறுதலையாகக் கேரள நாட்டுக் கோழிக்கோட்டில் 1993-இல் மருத்துவக் கல்லூரியைச் சார்ந்து தொடங்கிய வலிதணி மருத்துவச் சங்கம், ஊர்தோறும் தொண்டரைப் பயிற்றி, நோயாளர்தம் இல்லத்திற்கே சென்று பேணும் நெறியைப் பரப்பிற்று. 2008-இல் அம்மாநில அரசு அதனைத் தன் கொள்கையாகவே ஏற்றது. இஃது எவ்வூரினும் இயலும் என்பதற்கு அதுவே சான்று.

திருவள்ளுவனார் மருந்தென்னும் அதிகாரத்தின் இறுதியில், நோயுற்றவன், மருத்துவன், மருந்து, துணைநின்று பேணுவான் என நான்கனை மருத்துவத்தின் உறுப்புக்களாக வைத்தார். தீரா நோயினிடத்து மருத்துவன் தன் கலையின் எல்லையை அடைந்துவிடுகின்றான். மருந்தும் நோயைத் தீர்க்குந் தொழிலொழிந்து வலியைத் தணிக்குந் தொழிலளவில் நிற்கின்றது. நான்காமவனாகிய பேணுவானுக்கோ அங்கேதான் தொழில் மிகுகின்றது. உயிரைப் போக்கி உதவுக என வேண்டுவார்தம் சொல்லின் உள்ளே, பெரும்பாலும், ‘என்னைத் தனியே விடாதீர், நான் உமக்குச் சுமையாகிவிட்டேனோ’ என்னும் வினா ஒன்று கிடக்கின்றது. அவ்வினாவிற்கு விடை மருந்துக் குப்பியில் இல்லை.

ஆகவே, உயிரைப் போக்குதலும் செய்யாது, பயனற்ற கருவிகளால் உடலை வருத்துதலும் செய்யாது, வினையெனக் கூறி வாளாவிருத்தலும் செய்யாது, வலி தணித்து உடனிருத்தலே சைவ நூல்கட்கும் நம் வரலாற்றிற்கும் ஒத்த நெறியென முடிப்பாம். திருமடங்களும் சைவச் சபைகளும் தத்தம் ஊர்களில் தீரா நோயாளர் பத்துப்பேர்க்கேனும் இத்தொண்டினைச் செய்யப் பத்துத் தொண்டரைப் பயிற்றுமாயின், திலகவதியார் திருவதிகையிற் செய்த பணி இந்நாளினும் தொடர்ந்து நடைபெறுவதாகும்.